எங்க உட்கார்ந்து முடிவு பண்ணாங்க?

அந்த டீச்சர் ஏறிய பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால், எங்கள் பஸ் ஸ்டாப்பிங்கை வேப்பமரத்தடியிலிருந்து தள்ளி, சாக்கடை ஓரமாக நட்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே ஓடிப்போய் ஏறினோம். டீச்சர் மட்டும் படிக்கட்டில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று நின்றுகொண்டார்.

"ஸ்டாப்பிங்கை இங்க மாத்தணும்னு யாரு முடிவு பண்ணாங்க?"

"நானாம்மா கொணாந்து நட்டேன்? மேல ஏறும்மா, டைம் ஆவுது" என்றார் கண்டக்டர்.

"நீங்க இல்லன்னு தெரியுது. யாருன்னுதான் கேக்கறேன். எங்க உட்கார்ந்து முடிவு பண்ணாங்க?"

"காலைலயே இன்னாம்மா ரோதனை! எங்க குந்திகினா இன்னா, எங்க நின்னுகினா இன்னா?"

டீச்சர் கோபப்பட மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பதிலுக்காகக் காத்திருப்பார். அதுதான் தாங்க முடியாது. சண்டைக்காரியாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவரோ, நாம் நிஜமாகவே பதில் தெரிந்துகொண்டு மறைக்கிறோம் என்பதுபோலப் பார்ப்பார். அன்றைக்கு மண்ணூர்பேட்டையில் என் பட்டறை கேட்டை மூடிவிட்டார்கள். அரை நாள் ஆப்சென்ட்.

பிள்ளைகளா, நீங்கள் இரண்டு பேரும் போன வாரம் என்னைக் கேட்டீர்கள்: "தொகுதிக்கும் வார்டுக்கும் கோடு யாருப்பா போடறாங்க?" உங்கள் புத்தகத்தில் இரண்டே வரி இருக்கிறது. நான் எட்டாவது வரை படித்தவன், லேத் ஓட்டுகிறவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த டீச்சரால் பட்ட அவஸ்தையில் தெரிந்துகொண்டதுதான். அதனால் அவரைப் பற்றியே எழுதிவிடுகிறேன். பெயர் வேண்டாம். அம்பத்தூரில் ஒரு அரசுப் பள்ளியில் தையல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவையில் சர்ச்சுக்குப் போவார். எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி வீடு. அவ்வளவு போதும்.

அவருக்கு வாழ்க்கையில் இருந்தது அந்த இரண்டு கேள்விதான். யாரு முடிவு பண்ணாங்க, எங்க உட்கார்ந்து முடிவு பண்ணாங்க.

நம் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் என் பெரியப்பா வாசலில் நின்று, "ஆம்பளைங்க எல்லாம் மொதப் பந்திக்கு வாங்க" என்று கூப்பிட்டார். டீச்சர் எழுந்து அவரிடம் போய், "இன்னைக்கு ஆம்பளைங்கதான் முதல்லன்னு யாரு முடிவு பண்ணாங்கய்யா?" என்று கேட்டார். பெரியப்பா சமையல்காரரைப் பார்த்தார். சமையல்காரர், "எனக்கு இன்னா தெரியும், எலை போட்டா சோறு போடுவேன்" என்று என்னைப் பார்த்தார். நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். உங்கள் அம்மா கூரையைப் பார்த்தாள். யாரும் முடிவு பண்ணவில்லை என்று தெரிந்ததும் டீச்சர் உங்கள் அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப்போய் முதல் இலையில் உட்கார வைத்தார். பின்னாலேயே பெண்கள் எல்லோரும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு வடை கிடைக்கவில்லை. சாகும்வரை என் வீட்டுப் பேச்சு வந்தால் அந்த வடையைத்தான் சொல்வார்.

இப்போது வார்டு கதைக்கு வருகிறேன். முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதிகளின் எல்லையை டெல்லியிலிருந்து அமைக்கிற ஒரு ஆணையம் வரையும். அதற்கு நீதிபதி ஒருவர் தலைவர். அது வரைந்தால் வரைந்ததுதான், கோர்ட்டில் போய் அந்தக் கோட்டைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் எழுபதுகளிலேயே அந்த வேலையைச் சட்டம் போட்டு நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதனால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் வயலெல்லாம் பிளாட் ஆகி, பிளாட்டெல்லாம் வீடாகி, ஜனம் வந்து குவிந்தபோதும் தொகுதி மட்டும் பழைய சட்டையையே போட்டுக்கொண்டு பட்டன் தெறிக்க நின்றது.

நகராட்சி வார்டு அப்படி இல்லை. அதை இங்கேயே மாவட்ட அளவில் அதிகாரிகள் பிரிப்பார்கள். ஜனத்தொகைக் கணக்கைப் பார்த்து ஏறக்குறைய சமமாகப் பிரிக்க வேண்டும். முதலில் ஒரு வரைவை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்க நாள் கொடுப்பார்கள். ஒரு நாள் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பிறகு கெஜட்டில் போட்டுவிட்டால் தீர்ந்தது. பல வருஷமாக நடக்காமல் இருந்த உள்ளாட்சித் தேர்தல் தொண்ணூறுகளின் நடுவில் நடக்கப்போகிறது என்றபோது எங்கள் ஊரிலும் வரைவு ஒட்டினார்கள். யாரும் போய்ப் படிக்கவில்லை. டீச்சர் படித்தார்.

எங்கள் தெரு திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவில், ரயில் பாதைக்குத் தெற்கே இருந்தது. தெற்கு வடக்காக ஓடும் ஒரே தெரு. இரண்டு பக்கமும் வீடு. அந்த வரைவில், மேற்குச் சிறகு, அதாவது எங்கள் பக்கத்து வீட்டு வரிசை, வழக்கம்போலத் தெற்கு வார்டில் இருந்தது. எதிர்ப்பக்கம், கிழக்குச் சிறகு மட்டும் ரயில் பாதைக்கு வடக்கே இருக்கிற வார்டில் சேர்ந்துவிட்டது. நடுத்தெருவில் கோடு.

அந்தக் கோட்டால் அடிபட்டவர் டெய்லர் பாய். கிழக்கு வரிசையில் நடுவீடு. சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் இல்லாத மாதிரிதான். கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டி. திண்டாட்டம் என்ன என்று அவரே சொன்னார்:

"ஓட்டு ஒரு நாளு டீச்சரம்மா. யாராச்சும் தூக்கினு போவாங்க. ஆனா கொழா ரிப்பேரு, லைட்டு எரில, சாக்கட அடைச்சிக்கிச்சு, எல்லாத்துக்கும் கவுன்சிலராண்ட நான்தான போவணும்? ரயில் கேட்ல தண்டவாளத்துல வண்டி சக்கரம் மாட்டிக்கினா மூணு பேரு வேணும் எனக்கு. எதிர் ஊட்டுக்காரன் நடந்து போயி பேசிட்டு வருவான். நான் தண்டவாளத்துல குந்தினு ரயில பாத்துகினு இருக்கணுமா?"

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்தார். நான் மெல்ல நழுவப் பார்த்தேன். தெரு நலச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் ஆனேன்.

"தம்பி, நாளைக்கு லீவு போடுங்க. இதை யாரு முடிவு பண்ணாங்கன்னு பாத்துடலாம்" என்றார்.

தெருவில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். கவுன்சிலருக்கு நிற்க ஆசைப்பட்ட ஒருவர், கிழக்கு வரிசை தனக்கு ஓட்டுப் போடாது என்று பயந்து வெட்டிவிட்டார் என்றார்கள். டீக்கடையில் அந்த மனுஷனை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. கோபப்பட ஒரு ஆள் கிடைத்தால் நிம்மதிதானே?

நகராட்சியில் நான்கு மேஜை சுற்றினோம். ஒவ்வொருவரும் அடுத்த மேஜையைக் காட்டினார்கள். நான்காவது மேஜையில் இருந்த கிளார்க் மட்டும் டீச்சரின் பார்வை தாங்காமல் எழுந்து பீரோவைத் திறந்தார்.

"எம்மா, நாங்க ஒண்ணும் கோடு போடல. சென்சஸ்ல ஊரைப் பிளாக் பிளாக்கா பிரிச்சி ஜனத்த எண்ணுனாங்க இல்ல? அந்த பிளாக்கையே ஒண்ணோட ஒண்ணு சேத்து வார்டாக்கி கீறோம். பிளாக்கை ஒடைக்க முடியாதும்மா, ஒடைச்சா கணக்கு ஒதைக்கும். உங்க தெருவு ரெண்டு பிளாக்ல வருது. நாங்க இன்னா பண்ண?"

"அந்த பிளாக்கை யாரு முடிவு பண்ணாங்க?"

கிளார்க் பெருமூச்சு விட்டு ஒரு காகிதக் கட்டை அவிழ்த்தார். எங்கள் தெருவைக் கைப்பட வரைந்த படம். மெத்தை வீட்டுக்குச் சதுரம், குடிசைக்கு முக்கோணம், எண்ணிக்கொண்டு போன வழிக்குச் சின்னச் சின்ன அம்பு. தையல் போட்டதுபோல ஒரே அளவான கோடுகள். கீழே கையெழுத்து.

டீச்சர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவருடைய கையெழுத்து.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சில வருஷத்துக்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு, உங்கள் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனது டீச்சர்தான். அந்த வேலைக்கு வாத்தியார்களைத்தானே போடுவார்கள்!

டீச்சர் அந்தப் படத்தைத் திரும்பக் கட்டில் வைத்துக் கொடுத்தார். வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பள்ளிக்கூடம் விட்டு நாலு மணிக்குத்தான் எண்ண வருவேன் தம்பி. ரயிலுக்கு அந்தப் பக்கம் எண்ணின வாத்தியார் காலையில ஸ்கூலுக்கு முன்னாடி வருவார். அவருக்கு அங்க வீடு பத்தல, எனக்கு இங்க ஜாஸ்தி. நம்ம தெருவைப் பங்கு போட்டுக்கிட்டோம். சாயங்காலம் நம்ம பக்கத்து வாசல்ல நிழல் இருக்கும். காலையில எதிர்ப்பக்கம் நிழல். அவரவர் நிழலை அவரவர் எடுத்துக்கிட்டோம். வெயில்ல நோட்டைப் பிடிச்சா கண்ணு கூசும்னு..."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்சிக்காரன் சதி என்று தெருவே கொதித்துக்கொண்டிருக்கிறது, கடைசியில் பார்த்தால் நிழல்!

"டீச்சர், இதை வெளியில சொல்லாதீங்க. அந்த ஆளு பண்ணதாவே இருக்கட்டும். அப்பதான் நம்ம மனுவுக்கு ஒரு வேகம் இருக்கும். சொன்னீங்கன்னா உங்க வேலைக்கும் கேடு" என்றேன்.

"பண்ணாத ஆளைப் பண்ணான்னு சொல்றதா?" என்று கேட்டுவிட்டு நேராக பாய் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பாய் தைத்துக்கொண்டிருந்த கை மெஷினை நிறுத்தினார்.

"நீயும் தையக்காரி, நானும் தையக்காரன். நான் துணில கோடு போட்டா ஆள நிக்க வெச்சி, அளவு எடுத்துட்டுதான் டீச்சரம்மா போடுவேன். நீ எங்கள அளவே எடுக்கல. நெழல அளவு எடுத்துக்கீற."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். டீச்சர் சிரிக்கவில்லை.

மனு எழுத உட்கார்ந்தோம். அங்கேதான் எனக்கும் அவருக்கும் பெரிய தகராறு. "எங்கள் தெருவைப் பிரிக்காமல் தெற்கு வார்டிலேயே சேர்க்கவும்" என்று நான் எழுதினேன். டீச்சர், "தெற்கு வார்டிலேயே" என்பதை அடித்தார்.

"தப்பு, தெருவைப் பிரிச்சது. அதைத் திருத்துங்கன்னுதான் கேக்கலாம். எந்த வார்டுல போடணும்ங்கறது அவங்க முடிவு. அதையும் நாமளே சொன்னா, நாமளும் நமக்கு வசதியாக் கோடு போடச் சொல்றவங்கதானே?"

"டீச்சர், பாய்க்கு வேண்டியது தெருவு இல்ல. ரயிலைத் தாண்டாம இருக்கறது."

"தெரு சேந்தா அது தானா வரும். முக்கால்வாசி ஊரு இந்தப் பக்கம் இருக்கு. எந்த ஆபீசர் நம்மைத் தூக்கி அந்தப் பக்கம் போடுவாரு?"

நான் மறுபடி எழுதினேன். அவர் மறுபடி அடித்தார். மூன்றாவது தடவை நான் விட்டுவிட்டேன். அந்த ஒரு சொல்லை நான் விட்டிருக்கக் கூடாது. இன்றைக்கும் அதை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

விசாரணை நகராட்சி மாடி ஹாலில் நடந்தது. ஊரில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் ஏதோ ஒரு கட்சியின் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டுப் போனார்கள். எங்கள் முறை வந்தபோது டீச்சர் எழுந்து, "சார், இந்தக் கோடு என்னால வந்தது" என்றார். நிழல் கதை முழுவதையும் சொன்னார். "எங்கயும் உட்கார்ந்து முடிவு பண்ணலை சார். நடந்துக்கிட்டே முடிவு பண்ணோம்" என்றார்.

அதிகாரி பேனாவை வைத்தார். "இதைச் சொன்னா உங்களுக்கு மெமோ வரலாம், தெரியுமாம்மா?"

"தெரியும் சார். அதுக்காக ஒரு சாயங்காலத்து நிழலை எல்லைன்னு கெஜட்டுல போடலாமா?"

ஹாலே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். "அப்ப உங்க கோரிக்கை, தெருவைப் பிரிக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சார்."

நான் எழுந்து, "சார், தெற்கு வார்டுல..." என்று ஆரம்பித்தேன். "ஒரு மனுவுக்கு ஒருத்தர் பேசினாப் போதும், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

கெஜட் வந்தது. எங்கள் தெருவைப் பிரிக்கவில்லை. கிழக்கு, மேற்கு இரண்டு சிறகையும் முழுசாகத் தூக்கி வடக்கு வார்டில் போட்டிருந்தார்கள்.

ஓடிப்போய் அந்தக் கிளார்க்கைக் கேட்டோம். "தெற்கு வார்டுல ஏற்கெனவே ஜனம் ஜாஸ்தி. வடக்குல கொறச்சல். பிரிக்காதன்னு கேட்டீங்கோ, பிரிக்கல. இன்னும் இன்னா?" என்றார்.

தெருவில் டீச்சரை ஏசாத வாய் இல்லை. எதிர் வரிசைக்கு நியாயம் கேட்கப்போய் எங்கள் வரிசையையும் ரயிலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டாரே என்று உங்கள் அம்மாவே ஒரு வாரம் பேசவில்லை. மெமோவும் வந்தது. அதற்கு என்ன பதில் எழுதினார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாய் மட்டும் எங்கள் வரிசை ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம், "வாங்க வாங்க, வடக்கத்தி ஆளுங்களே" என்று கிண்டல் செய்வார்.

ஓட்டுப்போடுகிற நாள் வந்தது. அன்றைக்கு எல்லோரும் ஓட்டுப் போட்டுவிட்டோம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆனால் போட்ட விதம் இருக்கிறதே!

வழக்கமாகத் தேர்தல் வேலைக்குப் போகிற டீச்சருக்கு அந்தத் தடவை வேலை போடவில்லை. அவர் வீடு வீடாக வந்து, பாயை விட்டுவிட்டு யாரும் போகக் கூடாது, தெருவே சேர்ந்துதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். காலையில் எழுந்து ஓட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். எல்லோரும் கிளம்பிச் சேர மூன்றரை மணி ஆயிற்று. ஓட்டுச்சாவடி ரயிலுக்கு அந்தப் பக்கம். ரயில் கேட்டுக்கு வந்தால் மூடியிருக்கிறது. ஒரு கூட்ஸ் வண்டி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. போகவும் மாட்டேன் என்கிறது, வரவும் மாட்டேன் என்கிறது. குனிந்து புகுந்து போகவும் வழியில்லை.

வெயில். எங்கள் வரிசையில் ஒருத்தர் ஆரம்பித்தார்.

"நாம பாட்டுக்கு இந்தாண்டயே ஸ்கூல்ல போட்டுட்டு ஊட்டாண்ட குந்திகினு இருப்போம். வாய வெச்சிக்கினு சும்மா இருந்தாங்களா இவங்க?"

"ஆமா, கேள்வி கேட்டே கெடுத்தாங்க" என்றது ஒரு பெண் குரல்.

பாய் வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா, அரை மணி நின்னதுக்கே இப்டி கீது உனுக்கு? நாங்க மட்டும் தனியா வந்துருந்தா, நீ ஊட்ல குந்திகினு எங்களுக்காவ அழுதுகினு இருப்பியா?"

சலித்துக்கொண்டவர் துண்டைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டீச்சர் இரண்டு பக்கமும் பேசவில்லை. கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, பேனாவோடு என்னிடம் நீட்டினார்.

"எழுதுங்க தம்பி."

"நானா? என்ன எழுதணும்?"

"எனக்குத் தெரியாது." பாயின் வண்டிப் பக்கம் போய், கைப்பிடியில் கை வைத்துக் குனிந்தார். "பாய், போன தடவை உங்களைக் கேக்காமலே நான் எழுதிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. ஓட்டுப் போடற இடம் எங்க இருக்கணும்?"

பாய் அவரையே பார்த்தார். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"ரயிலுக்கு இந்தாண்ட" என்றார். "எழுது அண்ணாத்தே. இந்தாண்ட. படி இருக்கக்கூடாது. வாசப்படி என் வண்டி அகலம் இருக்கணும், மூணடி போட்டுக்க. அப்பால, கவுன்சிலரு யாரு வந்தாலும் மாசத்துக்கு ஒரு தபா நம்ம தெருவாண்ட வந்து குந்தணும். நாங்க தேடினு போவ முடியாது..."

"கொழாயடியச் சேத்துக்க பாய்" என்றார் சற்றுமுன் சலித்துக்கொண்டவர்.

"இருப்பா, வரேன். கொழாயடி. அதுல திட்டு ஒசரமா கட்டக்கூடாது, எனக்குக் கை எட்டாது..."

கூட்டம் வண்டியைச் சுற்றி நெருங்கிவிட்டது. நான் பாயின் வண்டி மேலேயே நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் சங்கிலி குலுங்கும் சத்தம் கேட்டது. கூட்ஸ் நகர்ந்து போய்விட்டது, கேட் திறந்துகொண்டது. சைக்கிள்காரர்கள் மணி அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்கள். எங்கள் தெருவில் ஒருத்தர் அசையவில்லை.

"டீச்சர், மணி நாலே முக்கால்! அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திடுவான்! வாங்க, அப்புறம் எழுதலாம்!" என்று கத்தினேன்.

டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருங்க தம்பி. பாய் இன்னும் முடிக்கல."